மாத்திரை டப்பாவை நான் கேட்டு வாங்கிய கதை

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்து விழும். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன் நான். எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்று இன்றும் தடுமாறுவேன். ஒற்றெழுத்து போடவேண்டிய இடத்தில் விட்டிருப்பேன், வேண்டாத இடத்தில் போட்டிருப்பேன். திருத்திக்கொண்டு படியுங்கள். விஷயத்தில் மட்டும் பிழை வராமல் எழுதப் பார்க்கிறேன். ஏனென்றால் இந்த விஷயத்தில் ஏற்கனவே இரண்டு முறை பொய் சொல்லியிருக்கிறேன்.

எனக்கு ஐம்பத்து மூன்று வயது. யோங் பெங்குக்கு வெளியே ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை. லாரியில் வந்து கொட்டும் குலைகளைப் பார்த்து, இது பழுத்தது, இது காய், இது அழுகல் என்று பிரித்துச் சொல்லவேண்டும். வாய் அதிகம் தேவைப்படாத வேலை. நான்கு பேர் கூடிய இடத்தில் எனக்குப் பேச்சு வராது. கடையில் மீதிச் சில்லறை குறைந்தாலும் கேட்காமல் வந்துவிடுவேன். என் மனைவி மல்லிகா இதைச் சொல்லிச் சொல்லியே அலுத்துவிட்டாள்.

போன வருடம் ஒரு நாள் வேலையில் நிற்கும்போது நெஞ்சுக்குள் மீன் துள்ளுவது போல இருந்தது. கிளினிக்கில் நெஞ்சில் ஒயர் ஒட்டிப் பார்த்தார்கள். இதயத்தின் மேல் அறைகள் தாளம் தப்பித் துடிக்கின்றன என்றார்கள். அப்படித் துடித்தால் இரத்தம் அங்கே தேங்குமாம். தேங்கினால் கட்டியாகும். அந்தக் கட்டி மூளைக்குப் போனால் கை கால் விழுந்துவிடும். அது வராமல் இருக்க வார்ஃபரின் என்று ஒரு மாத்திரை கொடுத்தார்கள். இரத்தத்தை உறையவிடாமல் இளக்கமாக வைப்பது அதன் வேலை. அளவு குறைந்தால் கட்டி வரும், கூடினால் உள்ளுக்குள் இரத்தம் கசியும். அதனால் அடிக்கடி இரத்தம் எடுத்து ஒரு எண் பார்ப்பார்கள். ஐ.என்.ஆர். என்று பெயர். சாதாரண ஆளுக்கு அது ஒன்று. எனக்கு இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் நிற்கவேண்டும்.

இங்கே என் மச்சானைப் பற்றிச் சொல்லவேண்டும். மல்லிகாவின் தம்பி குணா. கெலாங் பாத்தாவில் இருக்கிறான். தினமும் பாலம் தாண்டிச் சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர் வேலை. கல்யாணம் ஆகவில்லை. ஆங்கிலம் நன்றாகப் பேசுவான். டாக்டர் ஒரு வார்த்தை சொன்னால் அவன் மூன்று கேள்வி கேட்பான். எனக்கு நோய் வந்ததும் என்னைக் காரில் ஏற்றிப் போனது, வரிசையில் நின்றது, ரிப்போர்ட் வாங்கியது எல்லாம் அவன்தான். நல்லவன். அவன் நல்லவனாக இருந்ததுதான் எனக்குத் தொந்தரவு. கெட்டவனாக இருந்தால் நிம்மதியாக வெறுத்திருக்கலாம்.

சிங்கப்பூரிலிருந்து ஏழு அறை உள்ள ஒரு பிளாஸ்டிக் டப்பா வாங்கி வந்தான். ஒரு நாளைக்கு ஓர் அறை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வந்து, என் மகள் தர்ஷினியோடு உட்கார்ந்து அந்த வாரத்து மாத்திரைகளைப் பிரித்துப் போடுவான். தர்ஷினி அப்போது பல்கலைக்கழகத்துக்கு முந்திய ஆறாம் படிவம் படித்துக்கொண்டிருந்தாள். எங்களுக்கு ஒரே பிள்ளை. இருவரும் சாப்பாட்டு மேசையில் தலையோடு தலை வைத்து எண்ணுவார்கள். நான் எதிரில் உட்கார்ந்து கோப்பி குடிப்பேன். என் மாத்திரை, என் மேசை, என் மகள். நான் மட்டும் விருந்தாளி போல இருப்பேன்.

ஒரு ஞாயிறு குணா விளையாட்டாகக் கேட்டான்.

"தர்ஷினி, இந்த பிரவுன் மாத்திரை எதுக்கு?"

"ரத்தம் கட்டாம இருக்க, மாமா."

"உங்கப்பா தினம் ஒரு கட்டு கீரை தின்னா?"

"மாத்திரை சரியா வேலை செய்யாது. கீரையில வைட்டமின் கே இருக்கு. அளவா சாப்பிடணும்."

"பார்த்தீங்களா அத்தான், வீட்டுக்குள்ளயே பார்மசிஸ்ட்."

"நெசமாவே பார்மசிதான் மாமா படிக்கலாம்னு இருக்கேன்," என்றாள் தர்ஷினி. "யாருகிட்டயும் இன்னும் சொல்லல."

நான் மூன்றடி தூரத்தில் உட்கார்ந்திருந்தேன். பெற்றவன் கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டிய செய்தி குணாவுக்குச் சொல்லப்பட்டது. அவன் சந்தோஷத்தில் அவள் தலையைத் தட்டினான். எந்தப் பல்கலைக்கழகம், எத்தனை வருடம் என்று இருவரும் பேச ஆரம்பித்தார்கள். எனக்கு அதில் ஒரு வார்த்தை சொல்லத் தெரியவில்லை. கோப்பி ஆறிப்போயிற்று.

அன்று அவன் கிளம்பும்போது டப்பாவைக் கேட்டு வாங்கினேன்.

"இனிமே நானே போட்டுக்கறேன்."

மல்லிகா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "உங்களுக்கு எதுக்கு அந்த வேலை? அதுங்க ரெண்டும் நல்லாத்தானே பண்ணுதுங்க."

"என் மாத்திரைதானே."

குணா சிரித்தான். "சரி லா அத்தான், நீங்களே போடுங்க. சந்தேகம்னா ஒரு போன் அடிங்க."

அவன் எனக்கு மூட்டு வலிக்கென்று மீன் எண்ணெய், பூண்டு, மஞ்சள் என்று சத்து மாத்திரைகளும் வாங்கி வந்திருந்தான். அவற்றை நான் ஒன்றுகூட விழுங்கவில்லை. மல்லிகா கணக்குப் பார்ப்பாள் என்று தினம் ஒன்றை எடுத்துக் கோழிக்கூண்டுப் பக்கம் எறிந்துவிடுவேன். இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. ஆனால் பின்னால் நடந்தது புரியவேண்டுமானால் இதையும் சொல்லியாகவேண்டும்.

அடுத்த மாத மருந்தை நானே பஸ் ஏறிப் போய் வாங்கினேன். ஆஸ்பத்திரி மருந்துக் கவுண்டரில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் மலாயில் வேகமாக ஏதோ விளக்கினாள். பின்னால் நிறைய பேர் நின்றார்கள். "யா, யா" என்று தலையாட்டிவிட்டுப் பையை வாங்கிக்கொண்டேன்.

வீட்டில் வந்து பிரித்தால் மாத்திரை நீலமாக இருந்தது. முன்பு கொடுத்தது பிரவுன் நிறம், தினம் மூன்று போடவேண்டும். இப்போது ஒட்டியிருந்த சீட்டில் 1 பிஜி என்று அச்சடித்திருந்தது. பிஜி என்றால் மலாயில் மாத்திரையின் எண்ணிக்கை. அரசாங்க மருந்தில் நிறம் மாறுவது புதிதல்ல. என் பிரஷர் மாத்திரை ஒரு மாதம் வெள்ளையாக உருண்டையாக வரும், அடுத்த மாதம் மஞ்சளாக நீளமாக வரும். கம்பெனி மாறிவிட்டது என்பார்கள். இதுவும் அப்படித்தான், உள்ளே அதே சரக்கு, ஒன்று என்பது அச்சுப்பிழை என்று நினைத்தேன். முழுதாக நினைக்கவில்லை. பாதிதான் நினைத்தேன். மீதிப் பாதி, கேட்டுப் பார் என்றது. போனைக் கையில் எடுத்தேன். குணாவின் பெயர் வரைக்கும் போனேன். கேட்டால் டப்பா மறுபடி அவன் கைக்குப் போய்விடும். போனை வைத்துவிட்டு அறைக்கு மூன்று நீல மாத்திரையாகப் போட்டு நிரப்பினேன்.

ஐந்தாம் நாள் பல் தேய்க்கும்போது ஈறில் இரத்தம் வந்தது. ஏழாம் நாள் முன்கையில் கத்திரிக்காய் நிறத்தில் கன்றிப்போன ஒரு திட்டு. எங்கே இடித்துக்கொண்டேன் என்று ஞாபகமில்லை. எட்டாம் நாள் மலம் தார் போலக் கறுப்பாகப் போயிற்று. யாரிடமும் சொல்லவில்லை. பையிலும் மாத்திரை சீக்கிரம் சீக்கிரமாகக் குறைந்துகொண்டே வந்தது. முப்பது நாளைக்கென்று கொடுத்தது பத்து நாளில் தீரப்போகிறதே என்று பார்த்தேன். ஆஸ்பத்திரிக்காரர்கள் குறைத்துக் கொடுத்துவிட்டார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒன்பது நாள் போட்ட பிறகு, பத்தாம் நாள் காலையில் குலை கொட்டும் இடத்திலேயே கண் இருட்டி உட்கார்ந்துவிட்டேன். ஆலை வேனில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள்.

ஆஸ்பத்திரியின் பெயரை எழுதவில்லை. அவர்கள் மேல் ஒரு குறையும் இல்லை.

அவசரப் பிரிவில் இரு கையிலும் ஊசி ஏற்றினார்கள். என் ஐ.என்.ஆர். எட்டுக்கு மேல் போயிருந்தது. அதற்கு மேல் அந்தக் கருவி எண் காட்டாதாம். இரத்தம் தண்ணீர் மாதிரி ஆகிவிட்டது, வயிற்றுக்குள் கசிகிறது என்றார் டாக்டர். சின்ன வயதுச் சீனர். உறைய வைக்க வைட்டமின் கே ஊசியும், பிளாஸ்மா என்று மஞ்சள் நிறப் பையும் ஏற்றினார்கள். பிளாஸ்மா என்பது இரத்தத்தில் சிவப்பை எடுத்துவிட்டால் மிஞ்சும் நீர்.

"அங்கிள், வார்ஃபரின் ஒரு நாளைக்கு எத்தனை?" என்று மலாயில் கேட்டார்.

பக்கத்தில் மல்லிகா, தர்ஷினி, மூச்சு வாங்க ஓடிவந்த குணா. மூன்று பேரும் என் வாயையே பார்த்தார்கள்.

"எழுதியிருக்கறபடிதான்," என்றேன். "ஒண்ணு."

இது முதல் பொய். அப்போது அது பெரிதாகத் தெரியவில்லை. அத்தனை முகங்களுக்கு நடுவில் வேறு எதுவும் என் வாயில் வரவில்லை.

ஒன்றுதான் போட்டார் என்றால் எண் எப்படி இவ்வளவு ஏறும்? டாக்டருக்குக் குழப்பம். கல்லீரலைப் பார்க்க ஸ்கேன். இரத்தம் கட்டுக்குள் வந்த பிறகு வாய் வழியாகக் குழாய் விட்டு வயிற்றைப் படம் பிடிக்கவேண்டும் என்றார்கள். நாட்டு மருந்து ஏதாவது குடித்தாரா, மலாய்க்காரர்களின் மூலிகைக் கஷாயமான ஜாமு குடித்தாரா, கீரையை நிறுத்தினாரா என்று மல்லிகாவைத் துருவித் துருவிக் கேட்டார்கள். அவள் என்ன சமைத்தேன் என்று விரல்விட்டுச் சொல்லிச் சொல்லி அழுதாள்.

மறுநாள் குணா, மறைக்கக்கூடாது என்று நினைத்து, வீட்டிலிருந்து அந்தச் சத்து மாத்திரைப் புட்டிகளை எடுத்து வந்து டாக்டரிடம் காட்டினான். டாக்டரின் முகம் மாறிவிட்டது. மீன் எண்ணெய், பூண்டு, மஞ்சள் மூன்றுமே வார்ஃபரினோடு சேர்ந்தால் இரத்தத்தை இன்னும் இளக்கும் என்றார். இதையெல்லாம் கொடுத்தது யார் என்று கேட்டார்.

"நான்தான் டாக்டர்," என்றான் குணா.

டாக்டர் கத்தவில்லை. ஆனால் ஆங்கிலத்தில் நீளமாகச் சொன்னார். எனக்கு வார்த்தை புரியாவிட்டாலும் குணா தலையைக் குனிந்துகொண்டது புரிந்தது. அவன் தலை குனிந்து நான் பார்த்ததே இல்லை. டாக்டர் போன பிறகு தர்ஷினி அவனை வார்டு வாசலுக்கு இழுத்துப் போனாள். என் கட்டில் கதவை ஒட்டியது.

"யாரையும் கேட்காம எதுக்கு மாமா குடுத்தீங்க?"

"நல்லதுன்னுதான்மா."

"எல்லாம் தெரிஞ்ச மாதிரிப் பேசுவீங்களே. இது தெரியாதா? அப்பாவுக்கு ஏதாவது ஆகியிருந்தா?"

"சாரிம்மா."

"எனக்குச் சொல்லாதீங்க."

நான் கண்ணை மூடிப் படுத்திருந்தேன். கையெல்லாம் ஊசி குத்திய வலி. உள்ளே மட்டும் இனித்தது. அந்த மாத்திரையில் ஒன்றுகூட என் வயிற்றுக்குப் போகவில்லை என்பது உலகத்தில் எனக்கும் என் கோழிகளுக்கும்தான் தெரியும். ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லவில்லை. கூச்சத்தால் அல்ல. வெகு நாளைக்குப் பிறகு என் மகள் எனக்காக ஒருவனிடம் சண்டை போடுகிறாள், அதுவும் அவனிடம். அது கொஞ்ச நேரம் நீடிக்கட்டும் என்று இருந்தது.

அன்றிலிருந்து குணா வார்டு இருந்த மாடிக்கு வரவில்லை. வேலை முடிந்து கெலாங் பாத்தாவிலிருந்து அவ்வளவு தூரம் ஓட்டி வருவான். கஞ்சியை பிளாஸ்கில் வாங்கி மல்லிகாவிடம் கொடுத்தனுப்புவான். தன் வீட்டிலிருந்து ஒரு நல்ல தலையணையும் கொண்டு வந்து கொடுத்திருந்தான்.

"தம்பி கீழ கார்லயே உக்காந்திருக்கான்," என்றாள் மல்லிகா. "கூப்பிட்டாலும் வரமாட்டேங்கறான். கண்ணெல்லாம் செவந்து கெடக்கு. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்களேன், பரவாயில்லன்னு."

"தலை சுத்துது," என்று திரும்பிப் படுத்தேன். அவன் கொடுத்தனுப்பிய தலையணையில்தான்.

ஐந்தாம் நாள் வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு மலாய்ப் பெண் வந்தார். டாக்டர் என்று நினைத்தேன். வார்டு பார்மசிஸ்ட், புவான் ஐடா என்று சொல்லிக்கொண்டார். புவான் என்றால் மலாயில் திருமதி. மருந்துக் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவர்கள் கட்டிலுக்கும் வருவார்கள் என்று எனக்கு அதுவரை தெரியாது. வீட்டில் இருக்கும் எல்லா மருந்தையும் அப்படியே கொண்டு வரச் சொல்லி தர்ஷினியை அனுப்பினார். அவள் மருந்து போட்டு வைக்கும் பிஸ்கட் டின்னோடு அள்ளிக்கொண்டு வந்தாள்.

புவான் ஐடாவிடம் ஒரு சின்னத் தட்டும், தட்டையான ஒரு கத்தியும் இருந்தன. மாத்திரைகளைத் தட்டில் கொட்டி, கத்தியால் ஐந்து ஐந்தாகத் தள்ளி எண்ணுவதுதான் அவர்கள் முறை. கையால் தொடுவதில்லை. பிரஷர் மாத்திரையை எண்ணினார், சரியாக இருந்தது. கொழுப்பு மாத்திரையை எண்ணினார், சரியாக இருந்தது. தர்ஷினி அவர் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு கத்தியை அவளிடம் கொடுத்து, "நீ எண்ணு" என்று வார்ஃபரின் பையைக் காட்டினார். மலாயில்தான் பேசினார்கள். நான் தமிழில் எழுதுகிறேன்.

"எத்தனை கொடுத்தோம்னு லேபிள்ல இருக்கா?"

"முப்பது."

"எத்தனை நாள் ஆச்சு, ஆஸ்பத்திரிக்கு வர்ற வரைக்கும்?"

"ஒன்பது நாள்."

"அப்போ எத்தனை இருக்கணும்?"

"இருபத்தொண்ணு." டப்பாவையும் திறந்து பார்த்தாள். அது காலி. பையைத் தட்டில் கவிழ்த்தாள். கத்தியால் ஐந்தாகத் தள்ளுவதற்குக்கூட அங்கே மாத்திரை இல்லை. "மூணு இருக்கு," என்றாள். குரல் இறங்கிவிட்டது.

புவான் ஐடா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. எழுந்து கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்தார். நாற்காலியை என் தலைப்பக்கம் போட்டு, என் முகத்துக்குச் சமமாக உட்கார்ந்தார்.

"அங்கிள், பழைய மாத்திரை மூணும் சேர்ந்தா எவ்வளவோ, புது மாத்திரை ஒண்ணே அவ்வளவு. தினம் மூணு போட்டீங்களா?"

தலையாட்டினேன்.

"நல்லது. காரணம் தெரிஞ்சிடுச்சு. குழாய் விடறது தேவையான்னு டாக்டர்கிட்ட பேசறேன்." ஒரு அதட்டல் கூட இல்லை. பிறகு பையைக் காட்டி, "லேபிள் படிக்கறது கஷ்டமா, அங்கிள்?" என்றார்.

அதற்கும் தலையாட்டினேன். இது இரண்டாவது பொய். முதல் பொய்க்குச் சாக்குச் சொல்லலாம். இதற்கு ஒன்றுமில்லை. ஞாயிறு தவறாமல் இந்தப் பத்திரிகையை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிப்பவன் நான். மலாயும் தோட்டத்துப் பள்ளியில் படித்ததுதான். 1 என்ற எண்ணைப் படிக்கத் தெரியாதவன் யார்?

அவர் ஒரு ஸ்டிக்கரில் நிலா படம் போட்டு, பக்கத்தில் ஒரே ஒரு வட்டம் வரைந்து புதுப் பையில் ஒட்டினார். மாலை நேரத்தில் ஒன்று என்று அர்த்தம். எழுத்துத் தெரியாதவர்களுக்கு அப்படிச் செய்வார்களாம். மல்லிகா அதைப் பார்த்து அழுதாள். குணாவை மேலே கூப்பிட்டார்கள். தர்ஷினி அவன் கையைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே அழுதாள். அவன் அவளைச் சமாதானப்படுத்திவிட்டு வந்து என் கால்மாட்டில் நின்றான்.

"அத்தான், படிக்க முடியலன்னா சொல்லவேண்டியதுதானே. நான் என்ன நெனைச்சுக்கப் போறேன்?" என் பாதத்தைப் போர்வையோடு பிடித்துக்கொண்டான். "தப்பு என் மேலதான். அந்த டப்பாவை நான் உங்ககிட்ட விட்டிருக்கக்கூடாது."

அவன் என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தால் அன்றே சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன். பரிதாபப்பட்டான். கண்ணை மூடிக்கொண்டேன்.

குழாய் விடவில்லை. இன்னும் நான்கு நாள் இருந்தேன். எண் மெல்ல மெல்ல இறங்கியது. அந்த நான்கு நாளும் தர்ஷினி, புவான் ஐடா வார்டுக்குள் வந்தால் பின்னாலேயே போனாள். எத்தனை வருடம் படிக்கவேண்டும், என்ன பாடம், டாக்டர் எழுதிய அளவு தப்பாக இருந்தால் பார்மசிஸ்ட் என்ன செய்வார் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அவர் பக்கத்துக் கட்டில் பெரியவருக்கு இன்சுலின் பேனாவைப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தபோதும் நின்று பார்த்தாள்.

"அவங்க எவ்வளவு பொறுமைப்பா," என்றாள் என்னிடம். "தாத்தா ஏழு தடவை தப்புப் பண்ணாரு. எட்டாவது தடவையும் அதே மொகத்தோட சொல்லிக் குடுத்தாங்க."

அந்த முகத்தின் மேலும் எனக்கு எரிந்தது. குணாவாவது சொந்தக்காரன். இந்தப் பெண் யார்? மூன்று மாத்திரையை எண்ணிவிட்டு என் மகளின் வாழ்க்கையையே திருப்பிவிட்டுப் போகிறாள். பதினெட்டு வருடம் வளர்த்தவன் கட்டிலில் கிடக்கிறேன். என் வேலையைப் பற்றி, குலையை எப்படிப் பார்த்துப் பிரிப்பது என்று அவள் ஒரு நாளும் இப்படிக் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை என்பது இப்போது எழுதும்போதுதான் தோன்றுகிறது.

வீட்டுக்கு வந்து பல மாதங்கள் ஆகிவிட்டன. எண் இப்போது இரண்டரையில் நிற்கிறது. தர்ஷினிக்கு நல்ல மதிப்பெண் வந்தது. பார்மசிக்கு மனுப் போட்டாள். நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டார்கள். அதற்கு முன்னால், ஏன் இந்தப் படிப்பு என்று ஒரு பக்கம் எழுதி அனுப்பவேண்டும். அந்தப் பக்கத்தில் யார் இருப்பார் என்பதுதான் எனக்கு ஒரு வாரமாக நினைப்பு. குணா இருப்பானா, புவான் ஐடா இருப்பாரா? நான் ஒரு வரியாவது இருப்பேனா? கேட்க வாய் வரவில்லை.

அவளாகவே சாப்பாட்டு மேசைக்கு வந்து, போனைப் பார்த்துத் தமிழில் சொல்லிக் காட்டினாள். முதல் வரியிலேயே நான் இருந்தேன்.

"என் அப்பா அதிகம் படிக்காத தொழிலாளி. மருந்து லேபிளில் இருந்த எண்ணைக் கூட அவரால் படிக்க முடியவில்லை. அதனால் உயிர் போகும் நிலைக்கு வந்தார். அவரைப் போன்றவர்களுக்காகவே நான் பார்மசிஸ்ட் ஆக விரும்புகிறேன்."

நிமிர்ந்து பார்த்தாள். "நல்லாருக்காப்பா?"

இத்தனை நாள் ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது. குணாவும் இல்லை, புவான் ஐடாவும் இல்லை, அவள் படிப்புக்குக் காரணம் நான்தான் என்று எழுதியிருக்கிறாள். சும்மா இருந்தால் போதும், அது எனக்கே. ஆனால் அந்தப் பக்கத்தில் இருந்தவன் நான் இல்லை. நான் சொன்ன பொய்தான் இருந்தது. நேர்முகத் தேர்வில் முன்பின் தெரியாதவர்கள் முன்னால் உட்கார்ந்து அவள் அந்தப் பொய்யைத் தன் வாயால் சொல்லப்போகிறாள்.

"எனக்குப் படிக்கத் தெரியும்," என்றேன்.

"தெரியும்ப்பா, தமிழ் படிப்பீங்க. நான் மலாயைச் சொன்னேன்."

"மலாயும் தெரியும். ஒண்ணுன்னுதான் போட்டிருந்துச்சு. பார்த்தேன்."

போனை மேசையில் வைத்தாள். "அப்புறம் ஏம்ப்பா மூணு போட்டீங்க?"

"சந்தேகமாத்தான் இருந்துச்சு. கேக்கணும்னா உன் மாமாகிட்ட கேக்கணும். கேக்கப் பிடிக்கல."

"மாமாகிட்டயா? ஏன்?"

"நீ எல்லாத்தையும் அவன்கிட்டதான் சொல்ற."

அடுப்படியில் மல்லிகா தண்ணீரை நிறுத்தியது கேட்டது.

"அந்தச் சத்து மாத்திரை எல்லாம்?"

"திங்கல. கோழிக்கு எறிஞ்சேன்."

"கோழிக்கா?" அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்த சிரிப்பு பாதியில் நின்றது. "நான் மாமாவைத் திட்டினேனே. வார்டு வாசல்ல. அப்போ நீங்க முழிச்சிருந்தீங்களா?"

"ம்."

"கேட்டுக்கிட்டே படுத்திருந்தீங்களா?"

"ம்."

எழுந்து அறைக்குப் போய்விட்டாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மல்லிகாவும் தட்டை வைத்துவிட்டுப் போய்விடுவாள். மூன்றாம் நாள் காலையில் தர்ஷினி வந்து, மாற்றி எழுதியதைச் சொல்லிக் காட்டினாள்.

"என் அப்பாவுக்கு லேபிளைப் படிக்கத் தெரியும். கேட்கத்தான் அவரால் முடியவில்லை. மருந்து வாங்க வருகிறவர்களில் அவரைப் போலப் பலர் புரியாமலே தலையாட்டிவிட்டுப் போகிறார்கள். தலையாட்டுவதை நம்பாமல் எண்ணிப் பார்க்கிற ஒருவர், எண்ணிப் பார்த்த பிறகும் கோபப்படாத ஒருவர், கண்ணாடிக்குப் பின்னால் இருக்கவேண்டும். அப்படி ஒருவரை நான் பார்த்தேன். அந்த இடத்தில் நிற்க ஆசைப்படுகிறேன்."

"பொறாமைன்னு போடலையா?" என்று கேட்டேன்.

"அதை நான் எழுத மாட்டேன். அது நீங்க சொல்லவேண்டியது. மாமாகிட்ட." போனைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். "அவரு இன்னும் தன்னாலதான் உங்களுக்கு இப்படி ஆச்சுன்னு நெனைச்சுக்கிட்டிருக்காரு. இப்பல்லாம் ஒரு பழம் வாங்கிட்டு வந்தாக்கூட, இது அப்பாவுக்குக் குடுக்கலாமான்னு என்கிட்ட கேக்கறாரு. பார்க்க முடியலப்பா."

நேர்முகத் தேர்வு முடிந்துவிட்டது. முடிவு இன்னும் வரவில்லை.

குணாவுக்கு மூன்று முறை போன் அடித்தேன். "என்ன அத்தான், உடம்பு எப்படி இருக்கு?" என்று எடுத்த எடுப்பிலேயே கேட்கிறான். மழை பெய்கிறது என்று சொன்னேன். டுரியான் பழத்தின் விலையைச் சொன்னேன். மூன்றாம் முறை ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டேன். அதனால்தான் எழுதினேன். மருந்து வாங்கும் இடத்தில் புரியாமல் தலையாட்டுகிறவர்கள் என்னைப் போல இன்னும் இருப்பார்கள். அவர்களுக்கும் பயன்படட்டும் என்று பத்திரிகைக்கு எழுதுவது போலவே எழுதினேன். ஆனால் முதலில் படிக்கவேண்டியவன் குணா.

குணா, உன் மாத்திரை என்னை ஒன்றும் செய்யவில்லை. அது எனக்குத் தெரிந்தே உன்னை அந்தக் காரில் உட்கார வைத்தேன்.

தர்ஷினி நாளைக் காலை கெலாங் பாத்தாவுக்குப் போகிறாள். நோட்டுப் புத்தகத்தை அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன். இதைப் படித்துவிட்டு அவன் சரி என்றால் மட்டும் பத்திரிகைக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். வேண்டாம் என்றால் அவன் வீட்டிலேயே இருக்கட்டும். நீங்கள் இதை அச்சில் படிக்கிறீர்கள் என்றால், அவன் படித்துவிட்டான் என்று அர்த்தம்.

அவள் அங்கே இரண்டு நாள் தங்குவாளாம். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் எரிகிறது. அதையும் மறைக்காமல் எழுதிவிட்டேன்.

யோங் பெங், 2025 ஜூன் 22, ஞாயிற்றுக்கிழமை பகல்.